நோன்பில் மிச்சமானது யாருக்குச் சொந்தம்?

“நாங்கள் நோன்பிருந்தோமே, நீர் ஏன் பார்க்கவில்லை?” விவிலியத்தில் எசாயா என்ற இறைவாக்கினரின் நூலில், 58ஆம் அதிகாரத்தில் மக்கள் கடவுளிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கடவுளை மறந்துவிட்டவர்கள் இல்லை. நாள்தோறும் அவரைத் தேடுகிறவர்கள், வயிற்றைக் கட்டுகிறவர்கள், சாக்கு உடுத்திச் சாம்பலில் உட்காருகிறவர்கள். அவர்களுக்கு வருகிற பதில் முகத்தில் அடித்தது போல இருக்கிறது. நோன்பு நாளிலும் உங்கள் ஆதாயத்தையே பார்க்கிறீர்கள், உங்கள் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள் என்கிறார் கடவுள். வேலை கொடுப்பவர் பக்தியோடு பட்டினி கிடக்கிறார். அவரிடம் வேலை செய்பவருக்கோ அன்றைக்கும் அதே பாரம்தான்.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த அதிகாரத்தை எந்த நாளில் வாசிக்கிறது என்று பாருங்கள். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசுகிறோம். ஒரு நாள் விட்டு, வெள்ளிக்கிழமை இதன் முதல் பாதி. சனிக்கிழமை மீதிப் பாதி. தவக்காலத்தின் முதல் ஞாயிறு வருவதற்குள்ளேயே, ‘எப்படிப்பட்ட நோன்பு’ என்ற கேள்வியைத் திருச்சபை நம் முன்னால் வைத்துவிடுகிறது.

தவக்காலம் என்றதும் நம்மில் பலரும் மனத்துக்குள் ஒரு வரிசை போட்டுக்கொள்கிறோம். முதலில் என்னை நான் சரிசெய்துகொள்ள வேண்டும்: செபம், ஒருசந்தி (ஒருவேளை உணவு), ஒப்புரவு (பாவ அறிக்கை). மனம் சுத்தமான பிறகு, அதிலிருந்து ஊறும் இரக்கத்தில் ஏழைகளுக்கு ஏதாவது செய்யலாம். ஆன்மிகம் முதலில், சமூக நீதி பிற்பாடு. எசாயா இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறார். அநியாயக் கட்டுகளை அவிழ், நுகத்தை உடை, பசித்தவரோடு உன் உணவைப் பகிர், தங்க இடமில்லாதவரை வீட்டில் சேர்த்துக்கொள். அப்போது உன் ஒளி விடியல் போல எழும், உன் புண் விரைவில் ஆறும். எல்லாம் அந்த ‘அப்போது’ என்ற சொல்லில் இருக்கிறது. மனமாற்றம் உள்ளே முடிந்த பிறகு வெளியே வருகிற பொருளாக அங்கே பேசப்படவில்லை. வெளியே நீதி செய்யப் போகிற வழியில்தான் உள்ளே இருக்கிற புண் ஆறுகிறது. அதே இடத்தில் இன்னொரு வரி: உன் சொந்த ஊனிடமிருந்து ஒளிந்துகொள்ளாதே. எபிரேயத்தில் அங்கே இருப்பது ‘சதை’ என்றே பொருள்படும் சொல். இறைச்சியை விலக்கிச் சுத்தபோசனம் காக்கிற வெள்ளிக்கிழமையில் இந்த வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் குத்துகிறது.

இது பழைய ஏற்பாட்டோடு நின்றுபோகவில்லை. திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் தர்மம், செபம், நோன்பு மூன்றையும் பற்றி இயேசு வரிசையாகப் பேசுகிறார். அவற்றுக்கு முன்னால், முதல் வசனத்தில், மூன்றையும் சேர்த்துக் குறிக்க ஒரு சொல் வருகிறது. கிரேக்கத்தில் அது திக்காயோசுனே. நீதி, நேர்மை என்று பொருள். அப்படியானால் செபிப்பதும் நோன்பிருப்பதும்கூட நீதியின் கணக்கில்தான் வருகின்றன. தமிழ் விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பில் இதற்கு ‘அறச் செயல்கள்’ என்று இருக்கிறது. நல்ல பொருத்தம். அறம் என்ற சொல்லில் நமக்கு நேர்மையும் இருக்கிறது, ஈகையும் இருக்கிறது. எபிரேயத்தில் செதாக்கா என்ற சொல்லும் இப்படித்தான்: நீதியும் அதுவே, ஏழைக்குக் கொடுப்பதும் அதுவே. இரண்டையும் தனித்தனி அறையில் வைக்கிற பழக்கம் பின்னால் வந்தது.

சரி, நோன்பு எப்படி நீதியாகும்? சாப்பிடாமல் இருந்தால் அடுத்தவருக்கு என்ன லாபம்? ஆதிக் கிறிஸ்தவர்கள் இதற்கு மிக எளிமையான ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 2ஆம் நூற்றாண்டில் ரோமையில் எழுதப்பட்ட ‘ஹெர்மாஸின் மேய்ப்பர்’ என்ற நூலில் அது அப்படியே இருக்கிறது. நோன்பு நாளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள். வழக்கமாகச் சாப்பிடுவதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிடு. அந்தத் தொகையை ஒரு கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிடு. அவ்வளவுதான். வயிற்றில் ஏற்பட்ட காலியிடம் இன்னொரு வயிற்றில் நிரம்ப வேண்டும். அதே நூற்றாண்டில் ஏதென்ஸைச் சேர்ந்த அரிஸ்டைடீஸ் என்பவர் கிறிஸ்தவர்களைப் பற்றி ரோமைப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அவர்களில் ஒருவர் வறுமையில் இருந்து, மற்றவர்களிடம் கொடுப்பதற்கு உபரியாக ஒன்றும் இல்லையென்றால், இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாவது அவருக்கு உணவு கொடுக்கிறார்கள் என்கிறார். கொடுப்பதற்காகவே நோன்பு. நோன்பின் உப விளைவாகக் கொடுப்பது வரவில்லை.

5ஆம் நூற்றாண்டில் ரவென்னா நகரின் ஆயர் பேதுரு கிறிசோலோகு செபமும் இரக்கமும் நோன்பும் ஒன்றுக்கொன்று உயிர் கொடுப்பவை, பிரித்தால் மூன்றுமே செத்துவிடும் என்று பிரசங்கித்தார். நோன்பிருக்கிறவர் பிறருடைய பட்டினியைப் பார்க்கட்டும், தன் பசியைக் கடவுள் உணர வேண்டும் என்று விரும்புகிறவர் பிறர் பசியை உணரட்டும் என்பது அவர் பேச்சு. 6ஆம் நூற்றாண்டின் முடிவில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் மேய்ப்புப்பணி பற்றி எழுதிய நூலில் இதைவிடக் கடுமையான ஒரு வரி வருகிறது. இல்லாதவருக்குத் தேவையானதைக் கொடுக்கும்போது நம்முடையதை நாம் வழங்கவில்லை, அவர்களுடையதைத் திருப்பிக் கொடுக்கிறோம். அது இரக்கச் செயல் என்பதைவிட, நீதிக் கடனை அடைப்பது. இந்த வரியை ஏற்றுக்கொண்டால் தவக்கால உண்டியலைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். அதில் போடுகிற காசு என் பெருந்தன்மையில் சேராது. என்னிடம் தங்கிப்போன இன்னொருவர் பங்கு அது.

நாற்பது நாள் என்ற அமைப்பு ஒரே நாளில் வரவில்லை. தொடக்கத்தில் பாஸ்காவுக்கு (உயிர்ப்பு விழாவுக்கு) முன் சில இடங்களில் ஒரு நாள், சில இடங்களில் இரண்டு நாள் என்று நோன்பு இருந்தது. பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறப்போகிறவர்களின் ஆயத்தக் காலமும், பெரும் பாவம் செய்தவர்களின் பொதுத் தவமும் அதோடு சேர்ந்துகொண்டன. ஞாயிறுகளில் நோன்பில்லை என்பதால் நாற்பது நாளை நிறைவு செய்ய மேற்கில் புதன்கிழமையிலிருந்து கணக்குத் தொடங்கினார்கள். அதனால்தான் திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறது. கீழைத் திருச்சபைகளின் கணக்கு வேறு. அங்கே பெருநோன்பு திங்கட்கிழமை தொடங்கும்.

இந்த ‘நாற்பது’ திருச்சபையின் பெரிய ஆவணம் ஒன்றில் முதன்முதலாக வருகிற இடம் பலருக்குத் தெரியாது. 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் 5ஆம் விதி அது. அங்கே பேச்சு நோன்பைப் பற்றியே இல்லை. ஓர் ஆயர் யாரையாவது சபையிலிருந்து விலக்கிவைத்தால், அவர் அதைச் சொந்தக் கோபத்தாலோ பகையாலோ செய்தாரா என்று விசாரிக்க வேண்டும். அதற்காக மாநிலம்தோறும் ஆண்டுக்கு இரண்டு முறை ஆயர்கள் கூட வேண்டும். அதில் ஒரு கூட்டம் நாற்பது நாளுக்கு முன் நடக்க வேண்டும், மனக்கசப்பெல்லாம் நீங்கித் தூய காணிக்கை செலுத்துவதற்காக. அதிகாரத்தில் இருப்பவரால் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவரின் முறையீட்டைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் தவக்காலத்துக்குள் போக வேண்டும் என்கிறது சங்கம்! சபைக்குள் நீதி என்பதை நாம் இன்றும் தவக்காலத்தோடு சேர்த்து அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

அந்தச் சங்கத்துக்கு 62 ஆண்டுகளுக்குப் பிறகு, 387இல், அந்தியோக்கியா நகரத்தில் ஒரு தவக்காலம் வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய வரி ஒன்று அறிவிக்கப்பட்டதும் நகரம் கொந்தளித்தது. கூட்டம் பேரரசர் தெயோதோசியுஸின் சிலைகளையும் அவர் குடும்பத்தாரின் சிலைகளையும் தள்ளி உடைத்தது. அந்தக் காலத்தில் அது அரச துரோகம். கைதுகள் தொடங்கின, சிலர் கொல்லப்பட்டார்கள். நகரமே தரைமட்டமாக்கப்படும் என்ற பீதியில் மக்கள் ஓடத் தொடங்கினார்கள். முதிய வயதிலிருந்த ஆயர் ஃபிளாவியான், நகரத்துக்காக மன்னிப்புக் கேட்கத் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளுக்குக் கிளம்பிப் போனார். அவர் இல்லாத அந்த வாரங்களில் பயந்து கிடந்த மக்களிடம் பேசியவர், குருவாகி ஓராண்டே ஆகியிருந்த யோவான் கிறிசோஸ்தோம்.

இத்தனை நாள் நோன்பிருந்தேன் என்று என்னிடம் சொல்லாதே, செயலில் காட்டு என்றார் அவர். ஏழையைக் கண்டால் இரங்கு. பகைவனைக் கண்டால் சமாதானமாகு. வாய் மட்டும் நோன்பிருந்தால் போதாது. கண்ணும் காதும் காலும் கையும் நோன்பிருக்கட்டும். கை கொள்ளையடிக்காமல் இருப்பது கையின் நோன்பு. பறவையையும் மீனையும் தொடாமல் இருந்துவிட்டு உடன்பிறந்தவரைக் கடித்துக் குதறுவதில் என்ன பயன் என்று கேட்டார்.

பேரரசரின் அதிகாரிகள் விசாரணைக்கு வந்து இறங்கியபோது இன்னொன்று நடந்தது. சுற்றியுள்ள மலைக் குகைகளில் பல ஆண்டுகளாகத் தனிமையில் தவம் செய்துகொண்டிருந்த துறவிகள் நகரத்துக்குள் இறங்கி வந்தார்கள். வசதி படைத்தவர்கள் நகரத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. நீதிமன்ற வாசலில் நின்று, சிறைப்பட்டவர்களின் உயிருக்காக அதிகாரிகளிடம் அவர்கள் மன்றாடினார்கள். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, விஷயம் பேரரசரிடம் போனது. பாஸ்காவுக்கு ஃபிளாவியான் திரும்பி வந்தபோது மன்னிப்பு வந்துவிட்டது. தவத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடப் பிடித்த காட்சி எனக்கில்லை. உலகத்தைத் துறந்தவர்களுக்குத்தான் இழக்க ஒன்றும் இருக்கவில்லை. அதனால் அதிகாரத்தின் முன்னால் நிற்கும் துணிச்சலும் அவர்களுக்குத்தான் இருந்தது. ஒறுத்தல் மனிதனை எதற்குத் தயார் செய்கிறது என்று கேட்டால் நான் அந்த வாசலைத்தான் காட்டுவேன்.

பிற்காலத்தில் கதை மாறியது. நோன்பு சட்டமாக இறுகியது. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பதே பெரிய விஷயமாகிவிட்டது. சட்டத்துக்கு விலக்குகள் வந்தன, விலக்குகளுக்குக் காணிக்கையும் வந்தது. 1522 தவக்காலத்தில் சூரிச் நகரில் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் என்ற அச்சகக்காரர் வீட்டில் தொத்திறைச்சி பரிமாறப்பட்ட சம்பவத்திலிருந்து அங்கே புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம் வெடித்தது என்று வரலாற்று நூல்கள் சொல்லும். அவர் கொடுத்த விளக்கம்தான் முக்கியம். ஃபிராங்க்ஃபர்ட் சந்தைக்குப் புத்தகம் முடிக்க இரவு பகலாக வேலை. வெறும் கூழை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது, எப்போதும் மீன் வாங்கவும் கட்டுப்படியாகாது. வசதி உள்ளவர் மீன் சாப்பிட்டு நோன்பைக் காப்பாற்றிக்கொள்ள, உடல் உழைப்பாளி மீது மட்டும் சட்டம் பாரமாக விழுந்தது. எசாயா கண்டித்த அதே நிலை, இம்முறை நோன்பு விதியின் உருவத்திலேயே.

இந்த இடத்தில் 20ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க ஆவணங்கள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டின் 110ஆம் பத்தி, தவக்காலத் தவம் உள்ளத்துக்குரியதாகவும் தனிமனிதருக்குரியதாகவும் மட்டும் இருக்கக் கூடாது, வெளிப்படையானதாகவும் சமூகத்துக்குரியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 1966 பிப்ரவரியில் திருத்தந்தை 6ஆம் பவுல் நோன்பு விதிகளைத் தளர்த்தி ஒரு மடல் வெளியிட்டார். கட்டாய நோன்பு திருநீற்றுப் புதன், புனித வெள்ளி என்ற இரண்டு நாளாகச் சுருங்கியது. ‘இரண்டு நாள்தானே’ என்று பேசுகிறவர்கள் அந்த மடலின் இன்னொரு பகுதியைப் பார்ப்பதில்லை. செல்வம் மிகுந்த நாடுகளில் வாழ்பவர்கள் தன்னொறுத்தலுக்கும், எல்லை கடந்து பசித்திருப்பவருக்கு உதவுவதற்கும் சாட்சியாக இருக்க வேண்டும். வாழ்க்கைத் தரம் தாழ்ந்த நாடுகளில் இருப்பவர்களோ தங்கள் துன்பத்தைச் செபத்தில் ஒப்புக்கொடுத்து, சமூக நீதி மேம்பட எல்லா வழியிலும் உழைப்பது கடவுளுக்கு அதிகம் உகந்தது. இல்லாதவரிடம் போய் ‘இன்னும் கொஞ்சம் பட்டினி இரு’ என்று அந்த மடல் சொல்லவில்லை.

1980 மார்ச் 2ஆம் தேதி, தவக்கால மறையுரையில், எல் சால்வடோர் நாட்டின் பேராயர் ஆஸ்கார் ரொமேரோ இதையே தம் மக்களுக்குச் சொன்னார். நன்றாகச் சாப்பிடுகிற நாடுகளின் தவக்காலமும், எப்போதும் அரை வயிற்றோடு வாழ்கிற நம் மக்களின் தவக்காலமும் ஒன்றல்ல. இவர்கள் ஆண்டு முழுதும் தவக்காலத்தில் இருக்கிறார்கள் என்றார். ஞாயிறு மறையுரைகளில் அந்த வாரம் நடந்த கொலைகளையும் கைதுகளையும் அவர் எடுத்துச் சொல்வது வழக்கம். தவக்காலத்தின் 5ஆம் ஞாயிறான மார்ச் 23 அன்று, ராணுவ வீரர்களைப் பார்த்து, கொல்லச் சொல்லும் கட்டளைக்கு நீங்கள் கீழ்ப்படிய வேண்டியதில்லை, கடவுள் பெயரால் கேட்கிறேன், அடக்குமுறையை நிறுத்துங்கள் என்றார். மறுநாள் மாலை திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2018இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

எல்லாருக்கும் அப்படி ஒரு மேடையோ அப்படி ஒரு முடிவோ வருவதில்லை. ஆனால் தவக்காலத்தை ஒரு நாட்டின் கேள்வியோடு கட்டுவதற்கு வேறு வழிகளும் உண்டு. பிரேசிலில் 1962இல் நத்தால் மறைமாவட்டத்தில் தொடங்கி, 1964 முதல் நாடு முழுதும் நடக்கிற சகோதரத்துவ இயக்கம் ஆண்டுதோறும் தவக்காலத்தில் ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறது. 1985இல் பசி, 1986இல் நிலம், 1988இல் அடிமைமுறை ஒழிந்த நூறாம் ஆண்டில் கறுப்பின மக்கள், 2004இல் தண்ணீர், 2014இல் ஆள்கடத்தல், 2023இல் மறுபடியும் பசி. குருத்து ஞாயிறன்று அதற்கான காணிக்கை எடுக்கிறார்கள். அதைவிடப் பெரிது, அந்த நாற்பது நாளும் சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்து ‘ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்பது. ஜெர்மனியில் 1959 முதல் தவக்காலக் காணிக்கை திரட்டும் மிசரேயோர் அமைப்பு, தவக்காலத்தில் பீடத்தை மறைத்துத் தொங்கவிடும் ‘பசித் துணி’ என்ற இடைக்கால வழக்கத்தை 1976இல் மீட்டெடுத்தது. அந்த முதல் துணியை வரைந்தவர் இந்திய ஓவியர் ஜோதி சாஹி.

தர்மத்துக்கும் நீதிக்கும் இடையே ஒரு தூரம் இருக்கத்தான் செய்கிறது. பசித்தவருக்கு இன்று உணவு வேண்டும். அதை யாரும் தள்ளிப்போட முடியாது. ஆனால் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதே பணத்தில் ஒரு பகுதியை உண்டியலில் போட்டால் அது என்ன? தவக்காலத்தின் முதல் வாரத் திங்கட்கிழமை வாசகம் இதைத்தான் தொடுகிறது. லேவியர் நூல் 19ஆம் அதிகாரம்: அன்றாடக் கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. அதோடு சேர்த்து மத்தேயு 25: பசியாய் இருந்தேன், அந்நியனாய் இருந்தேன், சிறையில் இருந்தேன். கீழைத் திருச்சபையிலும் இதே நற்செய்திதான், பெருநோன்பு தொடங்குவதற்கு எட்டு நாள் முன்பு வருகிற ஞாயிறில். பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்துபோன இரண்டு மரபுகளும் தவக்காலத்தின் வாசலில் ஒரே கேள்வியைத்தான் மாட்டி வைத்திருக்கின்றன.

இரண்டாம் வாரச் செவ்வாயில், நீதியைத் தேடுங்கள், ஒடுக்கப்பட்டோரைக் காப்பாற்றுங்கள், கைம்பெண்ணின் வழக்கை எடுத்துப் பேசுங்கள் என்கிறார் எசாயா. வியாழனில் செல்வரின் வாசலில் புண்களோடு கிடந்த இலாசர். 5ஆம் வாரத் திங்களில் சூசன்னா: நடுவர்களாக இருந்த இரண்டு மூப்பர்கள் ஒரு பெண்ணை அடைய முயன்று, அவர் இணங்காததால் பொய்க் குற்றம் சுமத்திய கதை. தானியேல் என்ற இளைஞர் எழுந்து இருவரையும் தனித்தனியே விசாரித்து உண்மையை வெளிக்கொண்டு வருகிறார்.

இவையெல்லாம் வாரநாள் வாசகங்கள் என்பதுதான் என் ஆதங்கம். ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதல் ஆண்டில் கேட்பது இயேசுவின் சோதனை, அவருடைய தோற்ற மாற்றம், சமாரியப் பெண், பார்வையற்றவர், வேறோர் இலாசர் உயிர்பெறுதல். எல்லாமே திருமுழுக்கையும் உள்மாற்றத்தையும் நோக்கியவை, ஆழமானவை. ஆனால் ஞாயிறு மட்டும் கோயிலுக்கு வருகிறவர் காதில் கூலி பற்றிய வரி விழுவதே இல்லை. தவக்காலத்தின் ஒரு பாதி அவருக்குக் கிடைக்காமலே போகிறது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கூட்டம் நிறைந்திருக்கும்போது இந்த வாசகங்களில் ஒன்றையாவது வாசித்து, அதைப் பற்றி நிதானமாகப் பேசினால் நிலைமை மாறும்.

தவக்காலம் முடிகிற நேரம் பெரிய வியாழன் மாலை. இரவு உணவுத் திருப்பலி தொடங்கும்போது தவக்காலம் முடிந்து பாஸ்கா முந்நாள் தொடங்குகிறது. அந்தத் திருப்பலியில் குரு மேலாடையைக் கழற்றிவிட்டுக் குனிந்து மற்றவர்களின் பாதங்களைக் கழுவுகிறார். அதற்குப் பிறகு வருகிற காணிக்கைப் பவனியைப் பலரும் கவனிப்பதில்லை. அப்பத்தோடும் இரசத்தோடும் ஏழைகளுக்கான காணிக்கைகளையும் பவனியாகக் கொண்டுவரலாம் என்று திருப்பலிப் புத்தகம் சொல்கிறது. 1988இல் வத்திக்கான் வெளியிட்ட பாஸ்கா கொண்டாட்ட வழிகாட்டி, குறிப்பாகத் தவக்காலத்தில் தவத்தின் பலனாகச் சேர்த்தவற்றை அப்படிக் கொண்டுவரலாம் என்கிறது. நாற்பது நாளும் சாப்பிடாமல் மிச்சம் பிடித்தது அன்று மாலை பீடத்துக்கு வந்து சேர்கிறது, அங்கிருந்து உரியவரிடம் போகிறது.